அம்மாவின் பாத வலி: யூரிக் ஆசிடா, தேய்மானமா, சரவாங்கியா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 49 வயது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். நான்கு மாதமாக இரண்டு பாதத்திலும் வலி. காலையில் எழுந்தால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் காலை ஊன்ற முடியவில்லை, கூழாங்கல் மேல் நடப்பது போல இருக்கிறது என்கிறார், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தேவலாம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.1, சரவாங்கிக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், எக்ஸ்ரேயில் குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது. ஒருவர் யூரிக் ஆசிட் என்று சொல்ல, பருப்பை நிறுத்திவிட்டீர்கள். இன்னொருவர் தேய்மானம் என்றார். மெடிக்கல் ஷாப்பில் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் இரண்டு நாள் ஓடியாடி வேலை செய்கிறார், நிறுத்தினால் பழையபடி. என்ன வியாதி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கொன்று சொல்லும்போது யாரை நம்புவது, சம்பா நடவு வேறு வந்துவிட்டது, அவரை வயலில் இறங்க விடலாமா என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் பொது மருத்துவம் படித்து, மூட்டு வாத நோய்ப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பல வருடங்களாக டெல்டாவிலேயே ஒரு சிறிய ஊரில் பிராக்டிஸ் செய்கிறவன். பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சந்தேகம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்ல முடியும். சுற்றி வளைக்கவில்லை: எனக்குச் சந்தேகம் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் மேல், அதாவது ஊரில் சரவாங்கி, முடக்குவாதம் என்று சொல்வார்களே, அதன் மேல்தான். யூரிக் ஆசிட் மேலும் குதிகால் எலும்பு மேலும் எனக்கு அவ்வளவாகச் சந்தேகம் இல்லை. கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டை விட அம்மா வாயால் சொன்ன இரண்டு விஷயங்களுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். எந்த நேரத்தில் வலிக்கிறது, எந்த இடத்தில் வலிக்கிறது என்பவைதான் அவை.

நேரத்தை முதலில் பார்ப்போம். குதிகாலுக்கு அடியில் ஓடும் சவ்வு புண்பட்டால் வரும் வலி, நம் ஊரில் குதிகால் வாதம் என்பது, காலையில் வைக்கும் முதல் பத்து இருபது அடியில் உயிரை எடுக்கும், அப்புறம் சில நிமிடங்களில் நடக்க நடக்க விட்டுவிடும். தேய்மானத்திலும் காலையில் விறைப்பு இருக்கும், ஆனால் பெரும்பாலும் அரை மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு நாள் முழுக்க வேலை பார்த்துச் சாயங்காலம்தான் வலி ஏறும், உட்கார்ந்தால் குறையும். அழற்சி வகை மூட்டுவாதம் இதற்கு நேர் எதிர். ஓய்வில் இறுகும், அசைய அசைய இளகும், காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி என்று நீளும், சிலருக்கு மதியம் வரைகூட. உங்கள் அம்மா காலையில் ஊன்ற முடியாமல் பத்து மணிக்கு மேல் தேவலாம் என்பது இந்தக் கணக்கில்தான் உட்காருகிறது. வயதானால் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 49 ஒரு வயதே இல்லை.

அடுத்தது இடம். ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள், முப்பதுக்கு மேல் மூட்டுகள். எல்லா மூட்டுவாதமும் எல்லா மூட்டையும் பிடிப்பதில்லை. சரவாங்கிக்குப் பிடித்த இடம் கால் விரல்கள் பாதத்தோடு சேரும் அடிமூட்டுகள், இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒன்றுபோல. கூழாங்கல் என்று அம்மா சொன்னாரே, அது அந்த இடத்துப் பேச்சுதான். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, பாதத்தை உங்கள் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலைத் தொட்டால் அம்மாக்கள் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்வார்கள், விடாதீர்கள். பெருவிரல் பக்கம் உங்கள் கட்டைவிரல், சுண்டுவிரல் பக்கம் மற்ற விரல்கள் என்று அடிமூட்டு வரிசையைக் குறுக்கே பிடித்து மெதுவாக ஒரு அழுத்து அழுத்துங்கள், யாருக்காவது கை கொடுக்கும்போது இருக்கும் அளவு அழுத்தம் போதும். நல்ல பாதத்தில் அது ஒன்றும் செய்யாது. அழற்சி இருந்தால் முகம் சுளிப்பார், காலை வெடுக்கென்று இழுப்பார்.

மெட்டியைப் பற்றியும் கேளுங்கள். சமீபத்தில் இறுகிவிட்டதா, சோப்புப் போட்டும் கழற்ற வரவில்லையா, இல்லை கழற்றியே வைத்துவிட்டாரா? பெண்கள் இதை நோயோடு சேர்த்துச் சொல்வதில்லை, நாமாகக் கேட்டால்தான் "ஆமாங்க, ரெண்டு மாசமா கழட்டி வச்சிட்டேன்" என்பார்கள். இரண்டாவது விரலின் அடிமூட்டு வீங்கத் தொடங்கியிருப்பதை அந்த மெட்டி நமக்குச் சொல்லிவிடுகிறது. அப்புறம் அவரை எழுந்து நிற்கச் சொல்லி எதிரே குனிந்து பாருங்கள், விரல்களுக்கு நடுவே முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா என்று. மூட்டுக்குள் வீக்கம் வந்து பக்கத்து விரல்களைத் தள்ளும்போது அப்படி விரியும். அடுத்து கைகள்: காலையில் முஷ்டி மடக்க முடிகிறதா, கோலமாவைப் பிடித்து இழுக்க வருகிறதா, குடத்தை இடுப்பில் தூக்கி வைக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறதா. கையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. கை சுத்தமாக இருந்தாலும் சரவாங்கி இல்லை என்று ஆகிவிடாது, சிலருக்கு அது பாதத்தில்தான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் மேலேயே ஒரு குறை சொல்லவேண்டும். சரவாங்கி எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அளக்க உலகம் முழுக்க 28 மூட்டுகளை எண்ணும் ஒரு கணக்கு உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல்கள், முழங்கால் எல்லாம் அதில் இருக்கும், பாதமும் கணுக்காலும் இருக்காது. நெரிசலான ஓபியில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்க யாருக்கும் நேரமும் இருப்பதில்லை. அதனால் பாதத்தில் மட்டும் நோய் இருப்பவர்கள் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படுவது நடக்கிறது. எக்ஸ்ரேயிலும் இதே கதைதான். சரவாங்கி எலும்பை அரிக்கும் அடையாளம் பல சமயம் முதலில் தெரிவது சுண்டுவிரல் அடிமூட்டில். உங்கள் அம்மாவுக்கு எடுத்தது குதிகாலின் பக்கவாட்டுப் படம் என்று தோன்றுகிறது, அதில் அந்த இடம் சரியாகத் தெரியவே தெரியாது. இரண்டு பாதத்துக்கும் இரண்டு கைக்கும் நேர்ப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கு மாதத்தில் எக்ஸ்ரே நார்மலாக வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், எலும்பில் தெரிவதற்குள் சில காலம் ஆகும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் நிம்மதியாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த நிம்மதி வேண்டாம். சரவாங்கி உள்ளவர்களில் 100 பேருக்கு 20 முதல் 30 பேருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். அதே சமயம் நோயே இல்லாத வயதானவர்களுக்கும், காசநோய், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் பாசிட்டிவாக வரலாம். இதைவிட நம்பகமானது ஆன்ட்டி சி.சி.பி. என்ற பரிசோதனை. அது பாசிட்டிவாக வந்து, மூட்டில் வீக்கமும் இருந்தால் பெரும்பாலும் உறுதிதான். அதுவும் நெகட்டிவாக வந்தால்? அப்போதும் விலக்க முடியாது, கை வைத்துப் பார்க்கும் மருத்துவர் மூட்டு வீங்கியிருக்கிறது என்று சொன்னால் அதற்குத்தான் முதல் மதிப்பு. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது.

இப்போது யூரிக் ஆசிட். டெல்டாவில் மூட்டு வலி என்று போனாலே முதலில் எழுதிக் கொடுப்பது இந்தப் பரிசோதனைதான். பெண்களுக்கு 6 வரை நார்மல் என்று பல லேப்களில் அச்சடித்திருப்பார்கள், 6.1 என்று வந்தால் அதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுவார்கள், குடும்பமே பயந்துவிடும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கரையாமல் படிகமாக ஆரம்பிப்பதே சுமார் 6.8 க்கு மேல். அதற்கு மேல் இருப்பவர்களிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட கௌட், அதாவது அந்தப் படிகம் மூட்டில் சேர்ந்து வரும் வாதம், வருவதில்லை. கௌட் வந்தால் அது வரும் விதமே வேறு. ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் அலறிக்கொண்டு எழுந்திருப்பார், பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காது, ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய் ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், அடுத்த தாக்குதல் வரை கால் சுத்தமாக இருக்கும். பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள், அதிலும் குடிப்பவர்கள், சிறுநீரகம் சரியில்லாதவர்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன் பெண்களுக்கு வருவது அரிது, நின்ற பிறகு வரலாம். ரத்த அழுத்தத்துக்காகத் தரும் சில நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும், அம்மா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். நான்கு மாதமாக இரண்டு பாதமும் தினமும் காலையில் இறுகுவது கௌட்டின் முதல் தோற்றம் இல்லை.

உண்மையான கௌட் தாக்குதல் நடக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் நார்மலாகக் காட்டுவதும் உண்டு, அதனால் அந்த எண்ணை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூட்டிலிருந்து நீர் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் ஊசி மாதிரிப் படிகத்தைப் பார்ப்பதுதான் சந்தேகமற்ற வழி. வெறும் 6.1 க்காக யாராவது யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோப்யூரினால், ஃபெபுக்சோஸ்டாட் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலோப்யூரினால் நல்ல மருந்து, தேவையானவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுக்கிறோம். ஆனால் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை வரும். சாப்பிட ஆரம்பித்த பிறகு காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பருப்பை நாளைக்கே மறுபடி சமைக்க ஆரம்பியுங்கள். பருப்பு, பயறு, கீரையால் கௌட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கூட்டுவது ஆட்டு ஈரல் மாதிரி உறுப்பு இறைச்சி, அளவுக்கு மேல் இறைச்சி, நெத்திலி மத்தி போன்ற மீன்கள், மது, சர்க்கரை போட்ட குளிர்பானம். வயல் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்சப் புரதமே சாம்பாரில்தான் இருக்கிறது, அதையும் பிடுங்கிவிடுகிறோம். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

குதிகால் எலும்பு வளர்ச்சியை ஒரு வரியில் முடித்துவிடலாம்: வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும், அதை வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை. தேய்மானம் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் முழங்காலுக்குச் சொல்வதையே கணுக்காலுக்கும் சொல்லிவிடுகிறார்கள். முழங்கால் வயதாலும் எடையாலும் தேயும். கணுக்கால் அப்படிச் சும்மா தேயாது, தேய்ந்த கணுக்கால்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பழைய எலும்பு முறிவோ, திரும்பத் திரும்பப் பிசகிய சுளுக்கோ இருக்கும். பைக்கிலிருந்து விழுந்து நாட்டுக்கட்டுப் போட்டுச் சரியாகச் சேராமல் விட்டவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து வருவது இது. பாதத்தில் தேய்மானத்துக்குப் பிடித்த இடங்கள் பெருவிரல் அடிமூட்டும் பாதத்தின் நடுமேடும். எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க நான் நோயாளியிடம் கேட்பது, எந்தத் தரையில் நடந்தால் வலிக்கிறது என்று. படி ஏறி இறங்கும்போதும், குளத்துப் படித்துறையில் குந்தும்போதும் வலித்தால் கணுக்கால் மூட்டு. சமதரையில் ஒன்றுமில்லாமல் வரப்பில் நடந்தால் மட்டும் வலித்தால் அதற்குக் கீழே பாதத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மூட்டு. வரப்பை விடச் சிறந்த சோதனைக் கூடம் அந்த மூட்டுக்குக் கிடையாது.

வேறு சிலவற்றையும் மருத்துவர் மனதில் வைத்துத்தான் பார்ப்பார். கடந்த ஓராண்டில் அம்மாவுக்கு கடுமையான காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டதா? சிக்குன்குனியா என்றால் அது அச்சு அசல் சரவாங்கி மாதிரியே கணுக்காலையும் சிறு மூட்டுகளையும் பிடித்து மாதக்கணக்கில் இழுக்கும், 2006 இல் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தோம், பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் விட்டுவிட்டது. தலையிலோ முழங்கையிலோ செதில் செதிலாகச் சொரியாசிஸ், நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள், ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை உருண்டு வீங்கியிருப்பது என்றால் அது வேறு வகை. இருபது முப்பது வயதுப் பையன்களுக்கு இரண்டு குதிகாலும் வலித்து, விடியற்காலையில் இடுப்பும் இறுகினால் முதுகுத்தண்டு வாதம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது பொருந்தும்.

சர்க்கரை பரிசோதித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாயம் பாருங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து வீங்கி, ஆனால் அந்த வீக்கத்துக்குத் தகுந்த வலி இல்லாமல் இருந்தால், அது சார்க்காட் பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது, சுளுக்கு, கௌட், கிருமி என்று ஏதாவது பெயர் வைத்து நடக்க விட்டுவிடுவார்கள். அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். அதேபோல ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் வைத்திருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. மாதக்கணக்கில் ஒரு கணுக்கால் மட்டும் வீங்கி, உடம்பும் இளைத்தால் காசநோயையும் பார்க்கவேண்டும். கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பெயர் போன இடம் என்பதால் கால் வீங்கினாலே அந்தப் பயம் இன்னும் சிலருக்கு உண்டு. அதில் வீங்குவது தோலும் சதையும், மூட்டை அசைத்தால் இப்படி வலிக்காது.

மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு வருவோம். அட்டை இல்லாமல் கவரில் வருவதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரையும் அதோடு ஒரு சின்ன ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டே நாளில் இப்படி ஓடியாட வைக்கிறது என்றால் ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வலியைக் குறைப்பது உண்மை. ஆனால் தினமும் மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு மெலியும், மூட்டு உள்ளே அரிப்பதை வெளியே தெரியாமல் மறைத்தும் வைக்கும். வலி மாத்திரை வயிற்றிலும் சிறுநீரகத்திலும் கை வைக்கும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று கணக்குப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், திடீரென்று விட்டால் மயங்கி விழலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். ஸ்டீராய்டே விஷம் என்றும் நினைக்கவேண்டாம், முக்கிய மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை குறைந்த அளவில் சில வாரங்களுக்கு நாங்களும் கொடுப்பதுண்டு.

சரவாங்கி என்று உறுதியானால் முக்கிய மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் இந்த வகை மருந்தைத் தொடங்குவது நல்லது என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல், நீங்கள் நான்காவது மாதத்தில் இருக்கிறீர்கள், கைமீறிப் போய்விடவில்லை, ஆனால் பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடும் நேரமும் இல்லை. தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே பார்ப்பார்கள், பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும். இந்த மருந்தைப் பற்றி ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டு ரத்த அணுக்கள் விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிறவர் என்றால் அதே நாளை வைத்துக்கொள்ளுங்கள், அட்டையின் பின்னால் பேனாவால் பெரிதாக வெள்ளி என்று எழுதி, தினமும் சாப்பிடும் மாத்திரை டப்பாவில் போடாமல் தனியாக வையுங்கள். இதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பெரிதாக எதுவும் தெரியாது, அதற்குள் பலர் இது வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டு மறுபடி கவர் மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு இந்த மருந்து கூடாது, 49 வயது என்றாலும் மாதவிடாய் இன்னும் இருந்தால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

முடக்கத்தான் தோசை, நொச்சி இலை ஒத்தடம் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், எப்படியும் அடுத்த கேள்வி அதுதான். ஒத்தடம் இதமாக இருக்கும், போடலாம், சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால் என்றால் மட்டும் சூட்டில் கவனம். முடக்கத்தான் சரவாங்கியை நிறுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த உறுதியான சான்று கிடையாது. நல்ல கீரை, தோசை சுட்டுச் சாப்பிடுங்கள், அதற்காக மருந்தை விடாதீர்கள். பெயர் தெரியாத பொட்டலத்துச் சூரணம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. சேற்றில் நின்றதால்தான் இந்த நோய் வந்தது என்று அம்மா நினைத்தால், அப்படி இல்லை என்று சொல்லுங்கள். ஈரமும் குளிரும் வலியைக் கூட்டுவதாகப் பலர் சொல்கிறார்கள், ஆய்வுகளில் இரண்டு விதமாகவும் வருகிறது, நோயை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. புகைபிடிப்பது இந்த நோயைக் கூட்டுவது மட்டும் உறுதி.

ஹவாய் செருப்பை முதலில் தூக்கிப் போடுங்கள். அது கழன்று போகாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்கள் தரையைக் கவ்வவேண்டும், புண்பட்ட அடிமூட்டுக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள், பின்பக்கம் வார் உள்ளதாக, விரல் பக்கம் அகலமாக. தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பாற்றப் பயன்பட்ட ரப்பர் அது, நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சிமெண்ட் தரை, மொசைக் தரை உள்ள வீடு என்றால் வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி, சமையலறையில் வெறுங்காலோடு நிற்பதுதான் பெண்களுக்குப் பாதி வலி. செருப்பின் உள்ளே ஒரு சின்ன மெத்தைத் துண்டு ஒட்டிக் கொடுப்பார்கள், அது வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வரக்கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருக்கவேண்டும். இடம் மாறினால் வலி கூடத்தான் செய்யும்.

எங்கே போவது என்றால், உங்களுக்குப் பக்கம் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும். பொது மருத்துவ ஓபியில் காட்டி, மூட்டு வாத நிபுணர் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே துறை இருக்கிறது. எலும்பு டாக்டரிடம் தான் போகவேண்டும் என்றில்லை, இது முதலில் மருந்தால் பார்க்கவேண்டிய நோய். உள்ளே போனதும் யூரிக் ஆசிட் ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் இறுகுகிறது, இரண்டு பாதமும், விரல் அடிமூட்டு, நான்கு மாதம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கவர் மாத்திரையில் மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

நடவுக்கு வருகிறேன். மூட்டு வீங்கியிருக்கும்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். சேற்றில் கால் புதைந்து, குனிந்தபடி பின்னோக்கி நகரும்போது ஒவ்வொரு அடியிலும் பாதத்தை முறுக்கி உருவவேண்டியிருக்கிறது, முழு எடையும் முன்பாதத்தில் வந்து விழுகிறது. மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கினால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி சற்றுக் குறையும், அப்போது சேற்றுப்புண்ணோடு வயலில் இறங்குவது எலிக்காய்ச்சல் பக்கமாகவும் ஆபத்து. கூலி போகும் என்பது எனக்கும் தெரியும், நடவு மெஷின் வந்த பிறகு இருக்கிற நாட்களே குறைவு, அதையும் விடு என்று சொல்வது எளிதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால் செய்யட்டும், விதை புடைப்பது, சலிப்பது மாதிரி. வீட்டில் முழு ஓய்வும் தேவையில்லை, படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும், சமதரையில் நடக்கட்டும், காலையில் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை வைத்து விரல்களை மடக்கி நீட்டட்டும். மருந்து இந்த வாரமே தொடங்கினாலும் அது பிடிக்கும் நேரத்தில் சம்பா நடவும் தாளடி நடவும் முடிந்திருக்கும். காலை விறைப்பு பத்து நிமிடத்துக்குள் வந்து, பாதத்தைக் குறுக்கே அழுத்தினால் வலிக்காமலும் இருந்தால், குறுவைக்கு அரை நாள் போய்ப் பார்க்கட்டும்.